ஒரு பட்டை மட்டும் வெளுப்பு

மார்ச் 3, செவ்வாய்

கிடங்கில் பிளாஸ்டிக் புல் நாற்பது சுருள். நான்கு மாதமாக ஒருவரும் சீண்டவில்லை. இன்று ஒரு விடுதிக்காரர் கடைக்கு வந்து மாதிரித் துண்டைத் தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். "கையளவு துண்ட வச்சு என்னத்தப் பாக்குறது? ஒரு நீச்சல் குளத்தச் சுத்திப் போட்டுக் காட்டுங்க. பிடிச்சா மொத்தமா எடுத்துக்கிறேன்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுக் குளத்தச் சுத்தியே போட்டிருக்கேன். பதினஞ்சாந் தேதி வாங்க" என்றேன்.

போடவில்லை. பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 4, புதன்

மனைவியிடம் சொன்னேன். வியாபாரத்தைச் சொல்லவில்லை. வெட்ட வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம், காலில் மண் ஒட்டாது என்று எல்லாம் அவள் நன்மைக்காகவே போல அடுக்கினேன். குளத்தைச் சுற்றி இருக்கும் புல்லை ஆறு வருடமாக வளர்த்தவள் அவள். முழங்கால் அறுவைக்குப் பிறகு தினமும் அதில் வெறுங்காலோடு நடந்துவிட்டுத்தான் நீந்தப் போவாள். குளத்தைக் கட்டிய எனக்கு நீச்சல் தெரியாது.

முழுக்கக் கேட்டுவிட்டு, "யாருக்குக் காட்டணும்?" என்றாள்.

இருபத்தெட்டு வருடம் என்னோடு கடையில் உட்கார்ந்தவளிடமே சரக்கைத் தள்ளப் பார்த்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல.

மார்ச் 7, சனி

புல்லை எடுத்தாயிற்று. ஆட்கள் மண்ணோடு பத்தை பத்தையாகப் பெயர்த்துப் போட்டதை அவள் தள்ளுவண்டியில் ஏற்றி, துணி காயும் கொடிக்கு அடியில் பதித்துக்கொண்டிருந்தாள்.

"குப்பைக்குப் போறதுதானே?"

"போறது எங்கிட்ட போகட்டும்."

 

மார்ச் 10, செவ்வாய்

மில்லிமீட்டர் வந்தார். புல் பதிக்கிறவர். அளக்காமல் தும்மக்கூட மாட்டார், அதனால் அந்தப் பெயர். ஜல்லித்தூள் பரப்பி, இறுக்கி, வேலை சுத்தம். கடைசியில் ஆழமான பக்கம் ஒரு பட்டைக்குத் துண்டு போதவில்லை. குறுக்கே போட்டால் கச்சிதமாக உட்காரும்.

"இழை எல்லாம் ஒரே பக்கம் சாயணும் முதலாளி. இத மட்டும் குறுக்க போட்டா நெறம் மாறித் தெரியும். இன்னொரு சுருளப் பிரிச்சிடுவோம்."

ஒரு முழத்துக்காகப் புதுச் சுருளைப் பிரிப்பதா? "புல்லுக்கு ஏதுங்க கிழக்கு மேற்கு? ஒட்டுங்க" என்றேன்.

ஒட்டினார். அளவு நாடாவை மட்டும் பைக்குள் போட்டுவிட்டார். அவர் கோபம் அவ்வளவுதான்.

மார்ச் 11, புதன்

தெரிகிறது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சுற்றிலும் கரும்பச்சை, அந்தப் பட்டை மட்டும் வெளுப்பு.

நான் யார்? நடைபாதையில் துண்டுத் துணி விற்று மேலே வந்தவன். இழைச் சாய்வு பார்க்காமல் வெல்வெட்டைக் குறுக்கே வெட்டிய தையல்காரரை நடுக்கடையில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கியவன். அவளும் அதைத்தான் பிடித்தாள்.

"வெல்வெட்டுன்னா நாலு தடவ தடவிப் பாப்பீங்களே. இப்ப கை எங்க போச்சு?"

பிய்த்தால் அடிவரை கிழியும் என்கிறார் மில்லிமீட்டர். பசை அவ்வளவு உறுதி. நம் கடைப் பசை.

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் வெறுங்காலோடு இறங்கிப் பார்த்தேன். நான்கு அடி தாங்கவில்லை — அடுப்பு மேல் நின்ற மாதிரி. தண்ணீர் அடித்தால் கால் மணி நேரம் அடங்குகிறது. தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி விற்கிற புல்லுக்கு நின்று தண்ணீர் விட்டேன். அவள் கொடியடியிலிருந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

விடுதிக்காரருக்குப் போன் செய்து, "காலைல ஏழுக்கே வந்துடுங்க, காத்து நல்லா இருக்கும்" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஏழுக்கு வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. மூன்று தரம் தண்ணீர் அடித்தேன். பதினொன்றரைக்குத் தொட்டி காலி. பன்னிரண்டே காலுக்குக் கார் வந்து நிற்கிறது.

முதலில் நன்றாகத்தான் போனது. "பளிச்சுன்னு இருக்கே" என்றார். பிறகு கண் அங்கே போயிற்று.

"அந்தப் பட்டை ஏன் வெளுத்திருக்கு?"

"நெழலுங்க."

உச்சி வெயிலில் நிழல். 

"மரமே இல்ல, எங்கேருந்து நெழலு?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு அதை நோக்கி நடந்தார். மூன்றாம் அடியில் நடை மாறியது. ஆறாம் அடியில் அது ஓட்டம். அந்த உடம்பு அவ்வளவு வேகம் போகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஈரத் துண்டுகளை விலக்கிக்கொண்டு கொடிக்கு அடியில் போய் நின்று, கண்ணை மூடி, உள்ளங்காலைப் புல்லில் தேய்த்தார்.

"இது எந்தக் கம்பெனிம்மா?"

"இது வளந்ததுங்க" என்றாள் அவள்.

"அது சுடும்னு இவரு சொல்லவே இல்லையே?"

அவளைப் பார்த்தேன். காலையில் சுடாது என்றாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா?

"எங்கிட்டயும் சொல்லலைங்க."

அவர் சிரித்தார். பிறகு, "இத பத்தையாவே குடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"எவ்வளவு எடம்? எப்ப வேணும்?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நல்ல ஆள் கடைக்குள் கால் வைத்ததும் எனக்கு வருகிற குரல்.

மார்ச் 16, திங்கள்

கிடங்குப் பக்கம் போகவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

பக்கத்துக் காலி மனையை அவள் கேட்டு வாங்கிப் புல் நட்டு மூன்று மாதம் ஆகிறது. விடிந்ததும் நீர் பாய்ச்சுவது நான். இன்று விடுதிக்கு முதல் வண்டி. ஈர மண் வழுக்கி, வண்டியில் பத்தைகள் பின்னால் சரியுமாம்.

"அடியில விரிக்க உங்க புல்லுல ஒரு சுருள் வேணும்" என்றாள்.

நாற்பதில் முதல் சுருள் விற்றது. வாங்கியவள் பேரம் பேசினாள், நான் படிந்தேன்.

வண்டியில் ஏறி விரிக்கப் போனேன். மில்லிமீட்டர் நாடாவை வெளியே எடுத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இழை எந்தப் பக்கம் சாயுது?" — கீழேயிருந்து அவள்.

நான்கு தடவை தடவிப் பார்த்துவிட்டு விரித்தேன்.