எஞ்சின் நின்ற பிறகு

1937, ஞாயிறு இரவு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு.

வானத்தில் வந்த விமானத்தைப் பார்த்து "பிரேக் போடுடா!" என்று கத்திய மடையன் நான்தான். ரயில் ஓட்டியே பழகிய வாய். விமானம் ஓட்டக் கற்கும் என் மகன் சூசை மேலே பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. அவன் விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்து, சத்தமில்லாமல் சறுக்கி வந்து, ஈயம் தோண்டிய குட்டையில் விழாமல் லாலாங் புல்லில் இறக்கினான்.

ஓடிப்போனேன்.

"மூக்கைத் தூக்கிப் பிடிச்சிருந்தா வேகம் போயி விழுந்திருக்கும்ப்பா. எப்படி இறக்குனேன்?" என்றான், முகமெல்லாம் மலர்ந்து.

"ரயிலா இருந்தா நின்ன எடத்துலயே டீ குடிச்சிருக்கலாம்லா," என்றேன்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். சாப்பிடும்போதும் தலை நிமிரவில்லை. நானும் குழம்பைப் பற்றியே பேசினேன்.

"அருமையா இறக்குனடா, ராசா" என்று சொல்ல வாய் வரவில்லை.