சுக்ராவுக்கு எத்தனை வயது?

ஓசூர்
12.8.1994

அதாவுல்லா,

என் எழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. ஒரே ஒரு கேள்விதான்.

பெங்களூர் டாக்டர் விசித்திரமான ஆள். மலத்தில் ரத்தம் போவது நின்று இரண்டு வருஷம் ஆச்சு, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "எப்போ ஆரம்பிச்சது?" என்றே திருப்பித் திருப்பிக் கேட்டார். பெருங்குடல் புண் வந்து எட்டு வருஷம் தாண்டினால், வலியே இல்லாவிட்டாலும், கேன்சர் வர வாய்ப்பு கூடுமாம்; குழாய் விட்டுப் பார்க்கணுமாம். புண்ணுக்கும் வயது பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா?

ஆறு வருஷம் என்று சொல்லி வைத்தேன். அது ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்ததிலிருந்து. அதற்கு முன்னால் வீட்டில்கூட மூலம் என்று சொல்லித்தானே மறைத்தேன்? முதல்முறை நான் பாத்ரூமுக்கு ஓடினபோது என் லேத்தையும் சேர்த்து ஓட்டினவன் நீ. பிற்பாடு நீ என் வியாதியை சூப்பர்வைசரிடம் சொன்னதும், அவர் என்னை பேக்கிங்குக்குத் தள்ளினதும், நான் பேச்சை விட்டதும் இருக்கட்டும்.

அந்த முதல் நாள்தான் மகள் பிறந்தாள் என்று லட்டு கொடுத்தாய். அதைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி ஓடினேன்.

போன வாரம் கெலமங்கலம் பஸ்ஸில், ஹைஸ்கூல் யூனிஃபார்மில், உன் ஜாடையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன்.

உன் மகள் சுக்ராவுக்கு இப்போது எத்தனை வயது? எட்டுக்குள் என்றால் ஒரு கார்டு போடு. தாண்டியிருந்தால் நீயே நேரில் வா.

பக்கத்து லேத்துக்காரன்