குழை கண்டு லொறியை விட்டு இறங்கிய ராத்தாவுக்கு

என்ர ஆமினா ராத்தா,

உங்கள் மகள் எனக்கு முகம் தருகிறாள் இல்லை. "உம்மாவைப் பாக்க எங்கெங்கேயோ இருந்தெல்லாம் சனம் வந்தது. முத்தையன்கட்டில இருக்கிற உங்களுக்குத்தான் நேரத்துக்கு வரக் கிடைக்கேல்லை" என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள். பெற்ற தாயைப் பறிகொடுத்தவள், கேட்கத்தான் செய்வாள். ஆனால் நான் தலை குனியவில்லை. ஏன் பிந்தினேன் என்று முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். அவளும் வாசிக்கட்டும், ஊரும் வாசிக்கட்டும்.

அதற்கு, நீங்கள் என்னைக் கண்டெடுத்த நாளில் இருந்து தொடங்க வேண்டும். அந்தக் கதையை நீங்கள் சொன்னால் எப்போதும் கொஞ்சம் உப்புப் புளி கூட்டித்தான் சொல்வீர்கள். இந்த முறை நான் சொல்கிறேன், பேசாமல் கேளுங்கோ.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறிய நாங்கள் ஒரு போகம்கூட வெட்டி முடிக்கவில்லை. எனக்கு நிறைமாதம். நோ தொடங்கிய காலையில், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டா. இவர் என்னை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். முல்லைத்தீவு றோட்டில் ஏறுவதற்கு முன்னமே, காட்டுப் பாதையில் அச்சு முறிந்து வண்டில் சரிந்துவிட்டது.

அந்த நாளில் போனா இருந்தது, எடுத்துக் கதைக்க? றோட்டால் போகிற வாகனம்தான் கதி. ஏதும் பழுதென்றால் இலையோடு மரக்கொப்பு, குழை, முறித்து றோட்டில் போட வேண்டும், காண்கிறவன் நிற்பான் என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ இவருக்குச் சொல்லியிருந்தார்கள். இவர் ஓடினார். நல்ல பச்சைக் குழையாகப் பார்த்து முறித்தார். நிலத்தில் போட்டால் மாடு தின்றுவிடும், டயர் நசித்துவிடும் என்று யோசித்து, றோட்டோரப் பாலை மரத்தில் வடிவாகக் கொளுவிவிட்டு வந்தார். யானைக் காட்டில் தனியே கிடக்க மாட்டேன் என்று நான் அழுததால், றோட்டில் நிற்க அவரால் முடியவில்லை.

வன்னியில் குழை றோட்டில் கிடந்தால் ஆபத்து. மரத்தில் தொங்கினால் சாமி. காட்டு வழியே போகிறவர்கள் ஐயனாருக்கும் பிள்ளையாருக்கும் அப்படித்தான் குழை கொளுவிக் காவல் கேட்டுவிட்டுப் போவார்கள். புதிதாய் வந்த எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

ஒரு லொறி வந்து நின்ற சத்தம் கேட்டது. "நிண்டுட்டுது, நிண்டுட்டுது" என்று இவர் விழுந்தடித்து ஓட, அது போய்விட்டது. பிறகு ஒரு பஸ். அதுவும் நின்றது, அதுவும் போய்விட்டது. இவர் திரும்பி வந்து முழிசிக்கொண்டு சொன்னார்: "இஞ்சேரும், நான் ஒரு குழைதான் கொளுவினனான். இப்ப அங்க ஒரு கட்டுத் தொங்குது. ஆரோ கற்பூரமும் கொளுத்தியிருக்கிறான்!"

உயிர் போகிற நோவுக்குள்ளும் எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "அப்பிடியே ஒரு கோயிலையும் கட்டி, என்னையும் உள்ளுக்க இருத்திவிடுங்கோ!" என்று கத்தினேன்.

அப்போதுதான் உங்கள் மாப்பிள்ளையின் லொறி வந்தது. மாங்குளம் ஸ்டேசனுக்குக் கருவாடு ஏற்றிப் போகிற லொறி. அவரைக் கட்டிய புதுப் பெண்ணாக நீங்கள் முன்னுக்கு இருந்தீர்கள். குழையைக் கண்டு அவரும் மரியாதைக்கு மெதுவாக்கி, அப்படியே போகப் பார்த்தார். நீங்கள் விடவில்லை. "போன கிழமை வரேக்க இது வெறும் மரம்தானே? ஒரு இலைகூட வாடேல்லை. ஒரு காலமைக்குள்ள கோயில் முளைக்குமா? நிப்பாட்டுங்க!"

"ஆர் அங்க? ஆராவது இருக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டபடி காட்டுப் பாதைக்குள் வந்தீர்களே ராத்தா, அந்தக் குரல் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. என்னைக் கருவாட்டு மூட்டைகளுக்கு மேல் கிடத்தினீர்கள். "ரெயின் போயிடும்" என்று உங்கள் மாப்பிள்ளை முணுமுணுத்தார். "ரெயின் நாளைக்கும் வரும். திருப்புங்க" என்றீர்கள். முல்லைத்தீவுக்கு வந்த வழியே லொறி திரும்பியது. "பயப்பிடாத தங்கச்சி, என்ர கையைப் பிடி" என்றீர்கள். நான் பிடிக்கவில்லை, கடித்தேன். கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

அன்று பிறந்த என் மூத்தவனுக்கு நீங்கள் வைத்த பெயர் கருவாட்டு மாப்பிள்ளை. யுத்தத்துக்குள் நீங்கள் புத்தளத்திலும் நாங்கள் எங்கெங்கேயோவும் அலைக்கழிந்து திரும்பிய பிறகும், என்னைக் கண்டதும் முதலில் கேட்டது "எங்க என்ர கருவாட்டு மாப்பிள்ளை?" என்றுதான். அப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.

நீங்கள் மௌத்தான செய்தி வந்ததும், அவன்தான் தன் வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் தண்ணீரூற்றுக்கு வெளிக்கிட்டான். காட்டுத் துண்டில் வரும்போது றோட்டின் நடுவில் பச்சைக் குழை கிடந்தது. கொளுவவில்லை, முறையாகப் போட்டிருந்தது. பக்கத்தில் செயின் அறுந்த மோட்டார் சைக்கிள். வலிப்பு வந்த குழந்தையை மடியில் கிடத்தியபடி ஒரு சின்னப் பெட்டை. அந்த இடத்தில் இன்றைக்கும் போன் வேலை செய்யாது. எத்தனை வாகனம் விலத்திப் போனதோ தெரியாது, குழையின் ஒரு பக்கம் நசிந்து கிடந்தது.

"அம்மா, மாங்குளம் ஆசுபத்திரிக்குத் திரும்பினால் பெரியம்மாவை எடுத்திடுவினம்" என்றான் மூத்தவன். எனக்குத் தெரியாதா? உங்கள் மணிக்கட்டில் என் பல் பட்ட தழும்பைக் கடைசியாக ஒருக்கால் தொட வேண்டும் என்றுதானே வெளிக்கிட்டேன். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள் ராத்தா?

"திருப்படா" என்றேன்.

குழந்தை கண் திறந்ததைப் பார்த்துவிட்டு நாங்கள் வந்து சேர, உங்களை அடக்கி எல்லாம் முடிந்திருந்தது. பெண்கள் உள்ளே போவதில்லை என்று மையவாடி வேலிக்கு வெளியே நின்று அழுதேன், வாய்விட்டு அழுதேன். உங்கள் சனத்தின் வழக்கப்படி, உங்கள் புது மண்ணில் ஒரு பச்சைக் குழை ஊன்றியிருந்தது. "வெயிலுக்க நிக்கிறீங்கள், போவமா அம்மா?" என்று மூத்தவன் கேட்டான்.

"குழை நிக்குதடா. கண்டிட்டு எப்பிடிப் போறது?" என்றேன். அவன் வானின் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றான்.

இந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய் உங்கள் மகளின் கையில் கொடுப்பேன். முகத்தைத் திருப்பினால் மறுநாளும் போவேன். என் உயிர் இருக்கும்வரை, நான் ஏறிய வாகனம் எதுவும் றோட்டில் கிடக்கும் குழையை விலத்திப் போகாது ராத்தா. எந்த அவசரத்திலும் போகாது.

உங்கள் கையைக் கடித்த
தங்கச்சி