நரிப் பௌவும் மஞ்சள் ஹெல்மெற்றும்

இஞ்சருங்கோ,

உங்கள் மஞ்சள் ஹெல்மெற் கிடைத்துவிட்டது. என் குசினி மேசையில், ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உள்ளே உங்கள் பெயர், உங்களுடைய அதே கோணல் எழுத்தில். எழுத்தின் மேல் வெள்ளை நாய்மயிர். விளிம்பு முழுக்கப் பல் பட்ட அடையாளம். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் ஈரமண்ணும் நாயும் மணக்கிறது. துலைந்துபோச்சு என்று சாகும்வரைக்கும் எனக்குச் சொன்னீர்கள். துலையவில்லை.

கொண்டுவந்தவர் றூடி. முந்தி எங்கள் கட்டடத்தைப் பராமரித்தாரே, வேட்டைக்காலம் வந்தால் துவக்கையும் பூனையளவு டெரியர் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போவாரே, அவர்தான். முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம், வீட்டை ஒதுக்குகிறாராம். வாசலில் நின்று நீட்டினார். நான் உடனே கை நீட்டவில்லை. இத்தனை வருசம் ஏன் ஒளித்து வைத்திருந்தீர் என்று முதலில் கேட்டேன்.

நான் மறக்கிற ஆள் இல்லை. நீங்கள் சாரக்கட்டிலிருந்து விழுந்து, முதுகில் தகடு வைத்து ஆஸ்பத்திரியால் வந்த அன்று, முருகன் படத்துக்கு முன்னால் என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினீர்கள். "இனிப் பௌவுக்குப் போகமாட்டன்." கட்டட வேலைக்கு இங்கே நம் சனம் எல்லாம் சொல்வது பௌதான், அது ஜெர்மன் சொல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. இன்னொரு தரம் விழுந்தால் எழும்பமாட்டார் என்று டொக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. சத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள், கட்டடத்துப் பொது மெசினில் உடுப்புத் தோய்க்கும் எங்கள் முறைக்குக் கூடையோடு நிலவறைக்கு இறங்கினேன். படிக்குக் கீழே நீங்களும் றூடியும். றூடிக்குத் துவக்குச் சத்தத்தில் போன காது. இரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார். "ஸாம்ஷ்டிக்" என்றார். பிறகு "பௌ" என்றார். சனிக்கிழமை, பௌ. நீங்கள் "யா, யா" என்று தலையாட்டினீர்கள். நான் கூடையோடு சத்தமில்லாமல் மேலே ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டீர்கள்.

"எங்க போறியள்?"

"றூடியோட சும்மா ஒரு நடை."

"நடைக்கு ஏன் பழைய காற்சட்டை?"

"புதுசைப் போட்டாலும் அதுக்கும் ஒரு கேள்வி கேப்பீர்."

நீங்கள் போனதும் ஹெல்மெற் வைத்திருந்த நிலவறைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஹெல்மெற் இல்லை.

பொழுதுபடத் திரும்பி வந்தீர்கள். முழங்காலில் மண், நெஞ்சில் மண். அதை விடுங்கள், இடது காதுக்குள் மண்! கட்டட வேலையில் காதுக்குள் எப்படி மண் போகும்? அடுத்த சனியும் அப்படித்தான். நான் ஆஸ்பத்திரி லோண்டறி வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து ஊர்க் கிரேன்களை எல்லாம் பார்த்தேன். பனி போர்த்துக்கொண்டு ஒன்றும் அசையவில்லை. பௌ இல்லையென்றால் ஹெல்மெற் எங்கே? பௌ என்றால் கிரேன் ஏன் நிற்கிறது? வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்றும் யோசித்தேன். ஆனால் காதுக்குள் மண் போடுகிற பெண் எவள்?

அடுத்த முறை றூடியின் கார் போன திசையில் பஸ் எடுத்தேன். அந்தப் பக்கத்துக் காட்டுக்கரைக்குத்தான் அவர் நாயோடு போவார் என்று அவர் மனைவி கதையோடு கதையாகச் சொல்லியிருந்தாள். கடைசித் தரிப்பில் இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு சப்பாத்து அடையாளத்தைப் பிடித்து நடந்தேன்.

நீங்கள் பனியில் குப்புறக் கிடந்தீர்கள்.

விழுந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். டொக்டர் சொன்னது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. குளறிக்கொண்டு ஓடினேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் உயர்த்தினீர்கள்.

"கத்தாதையும். கேக்கேல்லை."

"என்ன கேக்கேல்லை?"

"நாய்."

அப்போதுதான் றூடியையும் மண்வெட்டியையும் பொந்தையும் கண்டேன். ஃப்ளோ என்ற அந்தச் சின்ன நாய் நரியைத் தேடி உள்ளே போயிருந்தது. அது உள்ளே நின்று குரைத்து நரியை வெளியே கலைக்க வேண்டும். றூடி வாசலில் துவக்கோடு நிற்பார். மண்ணுக்குள் நாய் எங்கே நிற்கிறது என்று கேட்க அவருக்குக் காது இல்லை. உங்களுக்குத் தோண்ட முதுகு இல்லை. ஆகவே நீங்கள் படுத்துக் கேட்பீர்கள், அவர் தோண்டுவார்.

"குரைக்குமட்டும் பயமில்லை. சத்தம் நிண்டால்தான் தோண்டவேணும்," என்று எனக்குச் சொன்னீர்கள். அப்போது சத்தம் நின்றிருந்தது. நான் ஆயிரம் கதை சொல்லும்போது ரீவியைப் பார்க்கிற மனிசன், மண்ணுக்குள் கிடக்கிற ஒரு நாய்க்காகக் காதை அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தீர்கள். எனக்கு அந்த நாயில் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பிறகு மண்ணுக்குள் ஏதோ முனகல் கேட்டு, கையைப் பொத்தி ஓரிடத்தில் குத்திக் காட்டினீர்கள். றூடி அங்கே வெட்டினார். மூக்குக் கிழிந்து, மண்ணைத் தும்மிக்கொண்டு ஃப்ளோ வெளியே வந்து, என் புதுக் கோட்டில் உடம்பை உதறியது. நரி வேறு வாசலால் எப்போதோ போயிருந்தது.

"இதென்ன வேலை?" என்றேன்.

"பௌ."

"எந்தப் பௌ?"

"நரியின்ர பௌ. இவங்கள் பொந்துக்கும் பௌ எண்டுதான் சொல்லுறாங்கள். நான் சத்தியத்தை மீறேல்லை."

"அப்ப ஹெல்மெற் எங்க?"

"துலைஞ்சு போச்சு." என்னைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். நரிப் பொந்துக்கு ஹெல்மெற் எதற்கு? அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது உங்களுக்கு முதலே தெரியும், அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேறெங்கோ உண்மையான பௌவுக்கும் போனீர்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் பால் வாங்கப் போகிறேன் என்றாலும் யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

இப்போது றூடி வாசலில் நின்று சொல்கிறார். முதல் சனிக்கிழமை நீங்கள் ஹெல்மெற்றைத் தலையில் போட்டுக்கொண்டு, இரும்பு முனைச் சப்பாத்தோடு அவர் காரில் ஏறினீர்களாம். காட்டுக்கரையில் இறங்கி, "கிரேன் எங்கே?" என்று கேட்டீர்களாம். அவர் சிரித்துச் சிரித்துப் பனியில் இருந்துவிட்டாராம். நீங்கள் வெட்கத்தில் ஹெல்மெற்றைக் கழற்றிக் காருக்குள் போட்டீர்களாம். அன்று பின்னேரம் நாய் அதற்குள் சுருண்டு படுத்துவிட்டது. பிறகு சாகும்வரை அதற்கு அதுதான் படுக்கை. "வீட்டுக்குக் கொடுத்துவிடாதே, மனைவி கண்டால் நான் முடிந்தேன்" என்று கும்பிட்டீர்களாம்.

அப்படியென்றால் நீங்கள் சொல்லுக்குப் பின்னால் ஒளியவில்லை. என்னைப் போலவே ஏமாந்திருக்கிறீர்கள். ஆனால் அன்று விடிய, உண்மையான பௌவுக்கு என்று நினைத்துத்தானே வெளிக்கிட்டீர்கள்! என் கையில் அடித்த சத்தியத்தைக் காப்பாற்றியது நீங்கள் இல்லை, ஒரு நரி.

பௌவுக்கு என்று ஏன் வெளிக்கிட்டார் என்று றூடியைக் கத்திக் கேட்டேன். மனைவி ஒருத்தியே லோண்டறியில் மாய்கிறாள், கை தோல் உரிகிறது, பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னதாக றூடி சொன்னார். என்னிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. கிழவர்கள் செத்த கூட்டாளிக்கு வெள்ளையடிப்பார்கள். அவர் முகத்தை நல்லாகப் பார்த்தேன். காது கேளாதவர் முகத்தில் ஒன்றும் பிடிக்க முடியாது.

நாய்களைப் பொந்துக்குள் விடுகிற வேட்டையை இந்தப் பக்கத்தில் இப்போது நிறுத்திவிட்டார்களாம். போகட்டும்.

கடைசி நாட்களில் கட்டிலில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. சத்தம் நின்றால் தோண்ட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். தோண்டுகிறேன். ஒரு ஹெல்மெற் வந்திருக்கிறது. நிலவறையில் நீங்கள் கட்டிவைத்த பெட்டி இன்னும் இரண்டு கிடக்கிறது. நாளைக்கு இறங்கப் போகிறேன். நாய்மயிரை நான் தட்டவில்லை. ஆனால் உங்களை முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நம்பிவிட்டால் பிறகு உங்களோடு கதைக்க எனக்கு என்ன இருக்கிறது?