பிலோமினாவின் நகங்கள்

ஜூலை 4, 1976, ஞாயிறு

காலையிலிருந்து தீவு முழுக்க மழை. துணி காயவில்லை. கட்டைவிரல் நகம் இரண்டும் முழுக்கக் கறுத்துவிட்டன. மற்ற நகங்களில் குறுக்கே பட்டை பட்டையாக. மெட்ராஸில் புற்றுநோய்க்குச் சிவப்பு ஊசி ஏற்றிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பட்டை போலிருக்கிறது. மீன் அலசும்போது என் கை என்றே தோன்றவில்லை. பிலோமினாவின் கை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அவள். தூத்துக்குடி. எனக்கு முன்பே ஊசி ஆரம்பித்தவள். இப்படித்தான் கறுத்து, பிறகு நகம் தூக்கிக்கொண்டது. ஒருநாள் காலையில் கட்டில் காலி. வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் நர்ஸ். செருப்பு கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஜூலை 5, திங்கள்

ஆபீஸ். டைப் அடித்தால் விரல் நுனி எரிகிறது. பக்கத்து மேஜை பெங்காலி அக்கா, "ஹாத் கோ க்யா ஹுவா, சரோஜா?" என்று கைக்கு என்ன ஆச்சென்று கேட்டாள். "மெஹந்தி, தீதி," மருதாணி என்று மழுப்பினேன். நம்பவில்லை. மத்தியானம் என் டீ டம்ளரைத் தனியாக வைத்திருந்தார்கள்.

ஜூலை 7, புதன்

அரிசி, சோப்பு, மண்ணெண்ணெய். வெங்காயம் கப்பல் வந்தால்தான்.

புடவை நூலில் மாட்டி மோதிரவிரல் நகம் தூக்கிக்கொண்டது. அடியில் ஈரம். இவர் சாத்தம் மரமில்லில் வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் கழுவித் துணி சுற்றிவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஊசிக்கு மெட்ராஸுக்கு வரமாட்டேன் என்றேன்.

"கப்பல் திங்கக்கிழம, சரோ."

"நீங்க மட்டும் போங்க."

ஜூலை 9, வெள்ளி

இங்குள்ள டாக்டரிடம் போனோம். மருந்தால்தானாம், புது நகம் வளருமாம். தலையாட்டினேன். பஸ்ஸில் இவரிடம் கேட்டேவிட்டேன்.

"பிலோமினா வீட்டுக்குத்தான போனா?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல. அன்னிக்கு விடியக்காலம் இறந்துட்டா. கூட அவ தம்பி ஒத்த ஆளு. நானும்தான் தூக்குனேன்."

"கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். உடனே டாக்டர்கிட்ட ஓடுனேன். நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சாம். நகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னாரு. உனக்கும் கறுக்கும்னாரு."

அப்போது என் நகம் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது."

எங்கள் ஸ்டாப் லம்பா லைன் வந்தும் இறங்கவில்லை. கண்டக்டர் அதட்டினான். நடந்து வரும்போது மழையில் அழுதேன். எனக்காக இல்லை, அவளுக்காக.

நாளை கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கப் போகிறாராம், இரண்டு பேருக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை.