பள்ளி வாசலில் வைத்த நிறைகுடம்

புருசெத், ஒஸ்லோ
08.02.2004

அன்புள்ள மகள் யதுர்ஷாவுக்கு,

முருகன் கிருபையால் நானும் அப்பாவும் தம்பி நிருஜனும் சுகம், சிக்காகோக் குளிரில் நீயும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கு முழங்கால் அளவு பனி, ரயில் ஒழுங்காக ஓடாததால் முதியோர் இல்லத்து வேலைக்கு இரண்டு தரம் பிந்திப் போனேன். அப்பாவுக்குக் கால் வலி, மருந்து எடுக்கச் சொன்னால் மட்டும் காது கேளாது. எழுத வேண்டியதை எழுதப் பயந்து இப்படிச் சுற்றி வளைக்கிறேன். படிப்பு முடிந்ததும் ஈராக்கில், அமெரிக்க ஆமிப் பட்டாளத்தின் காவலோடு பள்ளிக்கூடம் திறக்கும் ஓர் அமைப்பில் சேரப்போவதாக நீ எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

படிப்புக்காக நீ எழுதி அனுப்பிய ஆய்வை அகராதியோடு நாலு ஞாயிறு இருந்து வாசித்தேன். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பெண்கள் சாராயக் கடைகளை மூடச் சொன்னதையும், ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வதை நிறுத்தப் போராடியதையும் வாசிக்கப் பெருமையாக இருந்தது. பிறகு பிலிப்பைன்ஸ் வந்தது. ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கிறோம் என்று போன அமெரிக்கர்கள், எங்கள் நாட்டை எங்களிடம் தாருங்கள் என்ற மக்களையே சுட்டார்கள் என்றும், பட்டாளத்துக்குப் பின்னால் கப்பல் நிறைய வாத்திமார் போய் இறங்கினார்கள் என்றும், சீர்திருத்தக்காரரில் சிலர் எதிர்க்க வேறு சிலர் கைதட்டினார்கள் என்றும் நீதான் எழுதியிருக்கிறாய். அந்த வாத்திமார் கெட்டவர்கள் இல்லை என்று எழுதியதும் நீதான். அப்பாவிடம் சொன்னதற்கு, ‘படிச்ச பிள்ளை, அவளுக்குத் தெரியாததோ உமக்குத் தெரியப்போகுது’ என்றார். எனக்குத் தெரியும்.

நீ பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் நிறைகுடம் வைக்கக் கூப்பிட்டபோது கை உளைகிறது என்று நழுவினேன். இங்கே பக்கத்தில் ரொம்மனில் உதயகுமாரி வீட்டுக் கலியாணத்திலும் அப்படித்தான், ‘அக்காவுக்குப் பெருமை பிடிச்சிட்டுது’ என்று அவள் இன்னும் சொல்லித் திரிகிறாள். எண்பத்தேழில் சமாதானம் காக்கவென்று அயல்நாட்டு ஆமி வந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இனிச் சண்டை இல்லை என்று நம்பிப் பள்ளி வாசலில் என் கையாலேயே குடம் வைத்து, மாவிலை செருகி, பிள்ளைகளை மாலையோடு வரிசையில் நிறுத்தினேன். ஏழு வயதில் நீயும் அதில் நின்றாய், அவர்கள் தந்த இனிப்பு மட்டும் நினைவிருப்பதாக ஒருமுறை சொன்னாய். உனக்குப் பக்கத்தில் நின்றவள் தக்ஷாயினி. கை எட்டாததால் நான்தான் அவளைத் தூக்கிப் பிடித்து ஓர் ஆமிக்காரனுக்கு மாலை போட வைத்தேன். ஐப்பசியில் அவர்களுக்கும் ஆயுதம் தூக்கிய எங்கள் இயக்கத்துக்கும் சண்டை வெடித்தது, பள்ளி முகாமாகியது, ஷெல் விழுந்து தக்ஷாயினி செத்தாள். அன்று சிரித்த ஆமிப் பெடியளும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் குடத்தைத் தொடவில்லை.

போனில் அழுவேன் என்றுதான் எழுதுகிறேன். அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை போன் எடு. நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை போடாமல் வெளியே இறங்காதே. நீ நோய் நொடியின்றி நீடு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே பிள்ளை. நீ போய் இறங்கும் பள்ளி வாசலிலும் என்னைப் போல ஒரு ரீச்சர் நிற்பாள். உன்னை நம்பி ஒரு பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பாள்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
ஆ. யோகராணி