திருக்கை ஆகாத குடும்பம்

ஏப்ரல் 9

காலையில் வானொலியில் மரண அறிவிப்புகள் வாசித்துவிட்டு வந்தேன். ஒரு கிழவரின் பேரப்பிள்ளைகள் பெயர் முடியவே இல்லை, மூச்சு வாங்கிவிட்டது. பரமாரிபோ பட்டணத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எங்கள் வீட்டு உறவுதான் கொள்ளுத்தாத்தா ஜோசுவாவின் அம்மாவோடு நின்றுபோகிறது. அகுபா. அடிமையாக இருந்து 1829இல் விடுதலையானவள்.

லூசியன் அண்ணன் ஜூலை 1, அடிமை விடுதலை நாள் விருந்துக்குக் குடும்ப மரம் வரைந்து மாட்டப்போகிறானாம். அடியில் அகுபா, பக்கத்தில் அவளுடைய தோட்ட முதலாளி வாலன் துரை. ஜோசுவாவின் அப்பா துரைதான் என்பது அவன் கட்சி. "நமக்கு வான் வாலன்னு குடும்பப் பேரு சும்மாவா வந்துச்சு? நம்ம மூக்கைப் பாரு." பார்த்தேன். மூக்கு மாதிரிதான் இருக்கிறது.

ஏப்ரல் 12

ஆவணக்காப்பகம் போனேன். அகுபா, ஹூப்வேல் தோட்டம். காய்ச்சலில் கிடந்த துரையைப் பார்த்துக்கொண்டதற்காக அவளுக்கும் கைக்குழந்தைக்கும் விடுதலை. அப்பன் பெயருக்கான இடம் காலி. அந்தக் காலத்தில் யாருடைய ஆளோ அவர் பெயரை, முன்னால் 'வான்' போட்டு, ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சண்டை போடத் தெம்பில்லை.

ஏப்ரல் 28

அண்ணனின் பேத்தி மெரெல் பக்கத்து வீட்டில் திருக்கை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போய் வந்திருக்கிறாள். எஸ்டெல் அண்ணி பதறுவாள் என்று பார்த்தால் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். "என் மகனோட பொண்ணுதான்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சுல்ல?" திருக்கை எங்களுக்கு ட்ரெஃபு, வம்சத்துக்கே ஆகாத சாப்பாடு. அப்பாவுக்கு ஆகாது, தாத்தாவுக்கு ஆகாது, ஜோசுவாவுக்கும் ஆகாது. தாய்வழியில் இது வராது, அப்பன் கொடுத்தால்தான் உண்டு. மற்ற குடும்பங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும், ஆமையோ மானோ.

பாத்திரம் கழுவும்போது உறைத்தது. அப்படியானால் ஜோசுவாவுக்கு அதைக் கொடுத்தது யார்? ஆம்ஸ்டர்டாமில் பிறந்த துரைக்கு ஏது ட்ரெஃபு? கிடைத்ததையெல்லாம் தின்கிற கூட்டம்!

ஏப்ரல் 29

துரை இல்லை. சத்தியமாகத் துரை இல்லை. சிரிப்பாக வருகிறது, ஏனோ நிம்மதியாகவும் இருக்கிறது.

மே 17

தன் சித்தப்பாவின் மரண அறிவிப்பைக் கொடுக்க வானொலி நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். யூஃபேமியா என்று பெயர். கொமவைன ஆற்றுக்கு அக்கரை, ஹூப்வேல். அந்தப் பெயரைக் கேட்டதும் அவளை நான் விடவில்லை. மதியம் என் மீன்குழம்புச் சோற்றில் பாதியைக் கொடுத்தேன். வாயில் வைக்கப்போனவள் நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இது திருக்கை இல்லையே? எங்கப்பா வழியில ஆகாது."

அகுபா என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறாயா என்றேன்.

"எங்க கோஃபித் தாத்தாவோட மொதல் பொண்டாட்டிதானே? அவளையும் பையன் ஜோசுவாவையும் விடுதலை பண்ணி பட்டணத்துக்கு அனுப்பிட்டாங்க. தாத்தாவை விடல. அவரு படகு வலிக்கிறவரு. பட்டணத்துப் பக்கம் வந்தா, அவ வீட்டுக் கிட்ட பாட்டை உரக்க எடுப்பாராம். பையன் கரைக்கு ஓடி வருவானாம். நீங்க ஏன் அழறீங்க?"

நான் அழவில்லை. சரி, அழுதேன். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பாட்டுப் பாட வேண்டியிருந்திருக்கிறது அந்த மனுஷனுக்கு.

மே 19

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது.

"துரையைத் தூக்கிட்டுத் துடுப்புக்காரனை வைக்கணுமா? ஒரு மீனை வெச்சு வம்சத்தை மாத்துறியா நீ?"

"மீன் சொல்லல. உன் பேத்தி உடம்பு சொல்லுது."

"எல்லார்கிட்டயும் துரை, துரைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு... விருந்துக்கு அந்த ஹூப்வேல்காரங்க வந்தா நான் வரமாட்டேன்."

"அப்ப வராதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா போனபிறகு எனக்கு இருப்பது இவன் ஒருத்தன்தான். அவன் இல்லாமல் என்ன விருந்து? யூஃபேமியாவை ஏற்கெனவே கூப்பிட்டும் ஆயிற்று. இனி வராதே என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

மே 30

அண்ணனோடு பேச்சில்லை. தேங்காய் கேக் செய்து அனுப்பினேன். தட்டு கழுவித் திரும்பி வந்தது. தின்றிருக்கிறான், கழுதை.

ஜூன் 15

அண்ணி போன் செய்தாள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ஹூப்வேலுக்குப் போயிருக்கிறான். அவர்கள் சொல்வது பொய் என்று நிரூபிக்கத்தான் போனானாம்.

"சாப்பிட உக்காந்ததும், 'இது என்ன மீன்?'னு கேட்டிருக்காரு. மொத்தக் கூட்டமும் சிரிச்சிருச்சாம். 'நம்ம வீட்டுல அந்தக் கேள்வியே வேணாம், தைரியமா சாப்பிடு'ன்னாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னுட்டு, ஒரு மூட்டை ஆரஞ்சோட வந்திருக்காரு. வந்ததுலேர்ந்து தோட்டத்துல உக்காந்து உரிச்சுத் தின்னுக்கிட்டிருக்காரு."

நான் எதுவும் கேட்கப்போவதில்லை. தானாக வரட்டும்.

ஜூலை 1

விடுதலை நாள் வாழ்த்துகள் வாசிக்கிற வேலை. ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கையில் ஒவ்வொரு தாளாகக் கொடுப்பார்கள், பார்த்தபடியே வாசிக்க வேண்டும். நடுவில் ஒன்று: "ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் கோஃபி, அகுபா பிள்ளைகள் அனைவருக்கும் வாழ்த்து. மதியம் லூசியன் வான் வாலன் அழைக்கும் குடும்ப விருந்து. கோழியும் கிழங்கும் மட்டுமே. யாரும் பயப்பட வேண்டாம்."

எப்படியோ வாசித்து முடித்தேன். உடனே பாட்டைப் போடச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது நிலையத்து போன் அடித்தது. அண்ணன்.

"என்ன இவ்ளோ வேகமா படிக்கிற? தாத்தா பேரு காதுலயே விழல. இன்னொரு தடவை படி, ஹெர்மினா. நிதானமா."

பாட்டு முடிந்ததும் மறுபடி வாசித்தேன்.